எங்கள் பேரிங் வண்டிக்கு ஜெர்மனியில் ஓர் இடம்

நான் குடியிருக்கும் ஜெர்மானியச் சிற்றூரில், மாதத்தின் முதல் சனிக்கிழமை, தாத்தாக்களாகிவிட்ட சில ஆண்கள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பொம்மைக் கார்களைத் தொடுகிறார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறவர்களைப் போல முதலில் கை கழுவுகிறார்கள். அப்புறம் கையுறை. அப்புறம் ஒரு தகரக் காரைப் பெட்டியிலிருந்து, பிறந்த குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்து, மேசைமேல் விரித்த வெல்வெட் துணியில் வைக்கிறார்கள். எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். யாரோ ஒருவர் "ஆஹ்" என்கிறார். உடனே அது மறுபடி பெட்டிக்குள் போய்விடுகிறது. ஓட்டிப் பார்ப்பதே கிடையாது. முதல்முறை போனபோது இதெல்லாம் முன்னேற்பாடு என்று நினைத்து, எப்போதுதான் விளையாட ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். காபி வந்தது, கேக் வந்தது, அவரவர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

என்னை அங்கே இழுத்துப்போனவர் பக்கத்து வீட்டு ஹெல்முட். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மனைவிக்குச் சனிக்கிழமைகளில் மருத்துவமனையில் டியூட்டி. அவள் வீட்டில் இல்லாத நாட்களில் நான் யாரிடமாவது அகப்பட்டுக்கொள்வது வழக்கம், ஹெல்முட்டிடம் அகப்பட்டேன். அவர்கள் வைத்திருப்பது பழைய பொம்மைகள் சேர்ப்போர் சங்கம். ஜெர்மனியில் இதற்கு 'ஃபெரைன்' என்று பெயர். இங்கே மூன்று பேர் ஒரே மாதிரி தும்மினால்கூட ஒரு ஃபெரைன் ஆரம்பித்து, தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டுவிடுவார்கள். ஹெல்முட் தலைவர். நான் சும்மா கேக் சாப்பிடுகிற உறுப்பினர்.

நாம் மட்டும் இதில் யோக்கியமா என்று கேட்காதீர்கள். இந்த நோய் என்னிடமும் இருக்கிறது, தின்பண்ட ரூபத்தில். பக்கத்துப் பெருநகரத்தில் இருக்கும் தமிழ்க் கடையில் 'பால்ய கால மிட்டாய்ப் பெட்டி' என்று ஒன்று விற்கிறார்கள். கமர்கட்டு, தேன் மிட்டாய், சிகரெட் மிட்டாய், ஜவ்வு மிட்டாய் எல்லாம் கலந்த அட்டைப்பெட்டி. ஊரில் பள்ளிக்கூட வாசலில் ஈ மொய்த்த பாட்டிலுக்குள் கிடந்த அதே சரக்கு, இங்கே ரிப்பன் கட்டி வருகிறது. இரண்டு பெட்டி வாங்கினேன். ஒன்றைப் பிரித்து முதல் கமர்கட்டைக் கடித்ததும் என் கடைவாய்ப் பல்லின் அடைப்பு கழன்று கமர்கட்டோடு வந்துவிட்டது. பல் டாக்டர் அம்மா, "என்ன கடித்தீர்கள்?" என்று கேட்டார். "இனிப்பு" என்றேன். மிச்சமிருந்த கமர்கட்டைக் காட்டினேன். இடுக்கியால் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை உங்கள் ஊரில் குழந்தைகளுக்குக் கொடுப்பார்களா, அல்லது குழந்தைகளிடமிருந்து ஒளித்து வைப்பார்களா?" என்றார். இரண்டும் உண்டு என்று சொன்னேன். இன்னொரு பெட்டியை ஹெல்முட்டுக்குப் பரிசாகக் கொடுத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. பிரிக்கவே இல்லை. 'ஒரிகினால்' உறை, அதைக் கிழிக்கலாமா என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. எறும்புகூட வரவில்லை. இந்த நாட்டில் எறும்பும் முன்பதிவு செய்துவிட்டுத்தான் வரும்போல.

போன வருடம் சங்கத்தில் ஒரு முடிவெடுத்தார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் சர்ச் மண்டபத்தில் கண்காட்சி. தலைப்பு: 'என் குழந்தைப் பருவம்'. ஒவ்வொரு உறுப்பினரும் தான் சின்ன வயதில் வைத்து விளையாடிய பொருளைக் கொண்டுவந்து, தனக்கென்று தரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். இப்போது கடையில் வாங்கியது கூடாது, அந்தக் காலத்திலிருந்தே சொந்தமானதாக இருக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாள் அவர்கள் பொம்மைக்கு "ஆஹ்" சொல்லிச் சொல்லிக் கேக் தின்றிருக்கிறேன். ஒருதரமாவது என் பொம்மைக்கு அவர்கள் "ஆஹ்" சொல்ல வேண்டாமா? வாயில் கேக் இருக்கும்போது வருகிற வீரம் இருக்கிறதே, அது ஆபத்தானது. "என்னிடம் ஒரு வண்டி இருக்கிறது. நாங்களே செய்தது" என்று சொல்லிவிட்டேன்.

"எந்தக் கம்பெனி?" என்றார் ஹெல்முட், பேனாவைத் திறந்துகொண்டு.

"கம்பெனி என்று எதுவும் இல்லை. கும்மிடிப்பூண்டி."

அவர் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். பிறகுதான் பார்த்தேன், தயாரிப்பாளர் என்ற இடத்தில் 'கும்மிடிப்பூண்டி அண்ட் சன்ஸ்' என்கிற தோரணையில் எங்கள் ஊர் பேர் இருந்தது. திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய தப்பும் இல்லை.

அப்பா ஆரம்பாக்கத்தில் நெல் வயலில் கூலிக்குப் போனவர். தொழிற்பேட்டையில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் வேலை கிடைத்ததும் எங்களைக் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிவந்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது 'எஸ்டேட்டு'. தேயிலையும் பனியும் கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள்; இந்த எஸ்டேட்டில் விளைவது இரும்புக் கம்பி. எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்குப் பொம்மைக்கடை தேவைப்பட்டதில்லை. எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்த லாரி மெக்கானிக் தேய்ந்த பேரிங்குகளை வெளியே எறிவார். இயந்திரம் வந்திறங்கிய மரப்பெட்டிகளை உடைத்து அடுப்புக்கு விற்பார்கள். என் அண்ணன் பழனி ஒரு நல்ல பலகையைப் பிடித்தான். அதில் கறுப்பு மையில் ஒரு குடையும் ஒரு கோப்பையும் அச்சடித்திருந்தது. நனைக்காதே, உடைக்காதே என்று அர்த்தமாம். அது ஏதோ வெளிநாட்டு ராஜாவின் முத்திரை என்று அண்ணன் சொன்னான், நான் நம்பினேன். பலகைக்கு அடியில் இரண்டு கட்டை, கட்டைக்கு இரண்டு முனையிலும் பேரிங், திருப்புவதற்கு ஒரு கயிறு. சிமெண்ட் ரோட்டில் அது ஓடினால் தெருவே பல்லைக் கடித்துக்கொள்ளும், அப்படி ஒரு சத்தம். நான் உட்காருவேன், அண்ணன் தள்ளுவான். அடுத்த முறை நீ தள்ளு என்பான். அடுத்த முறை எனக்குக் கால் வலிக்கும்.

அண்ணனுக்குப் போன் போட்டு வண்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

"வண்டியா? ஊட்லதான் கீது. இன்னா விஷயம்?"

"இங்க எல்லாருக்கும் காட்டணும்ணா. கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்க."

சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. "டேய் சேகரு, உங்க அண்ணி அதுலதான் தெனமும் சாம்பார் குண்டான் இஸ்துக்கினு போவுது."

அண்ணி பேர் செல்வி. இரும்பு ஆலையின் கேட்டுக்கு எதிரில் நாஷ்டா கடை வைத்திருக்கிறார். காலையில் இட்லி, சாயங்காலம் போண்டா. வீட்டிலிருந்து கடை வரைக்கும் சாம்பார் குண்டான், தண்ணீர்க் கேன், இட்லிப் பானை எல்லாம் எங்கள் பேரிங் வண்டியில்தான் போகின்றன. இப்போது எஸ்டேட்டில் ஒடிசா, பீகார்க்காரர்கள் நிறைய. அவர்களுக்காக அண்ணி ரொட்டியும் போடக் கற்றுக்கொண்டார், ஹிந்தியும் கற்றுக்கொண்டார். நான் ஜெர்மன் கற்க வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தோற்று மறுபடி எழுதினேன். அண்ணிக்குக் கரண்டி கையில் இருக்கும்போதே பாஷை வந்துவிட்டது. அந்தப் பையன்களும் என்னைப் போலத்தான். சொந்த ஊர் மிட்டாய் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரொட்டி ஆறிப்போகுமாம்.

ஆயுத பூஜைக்கு லீவு போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெறுங்கையோடு போய் ஒருத்தரின் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு வருகிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. அண்ணிக்கு மாற்றாக ஒரு ஜெர்மன் தள்ளுவண்டி வாங்கிப் போனேன். மடித்தால் குடை மாதிரி கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், பிரித்தால் இரண்டு ரப்பர் சக்கரம், நீளமான கைப்பிடி. கடையில் அதன்மேல் ஐந்து வருட உத்தரவாதம் என்று ஒட்டியிருந்தது. ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அண்ணியின் கண்முன்னே நானே அதில் சாம்பார் குண்டானை ஏற்றிக் கயிறு கட்டினேன். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கைப்பிடியைப் பிடித்து என் பக்கம் சாய்த்தேன். சாய்த்தால்தானே அது ஓடும்? ஓடவேண்டிய வண்டியோடு சேர்ந்து குண்டானும் சாய்ந்தது. சாம்பார் மூடியைத் தள்ளிக்கொண்டு என் புதுச் செருப்பில் இறங்கியது.

"பொட்டி தூக்கற வண்டிப்பா அது," என்றார் அண்ணி. "ஏரோப்ளேன் பொட்டிக்கு வாட்டமா இருக்கும். சாம்பாருக்குப் படுக்க வராது." பிறகு என் காலைப் பார்த்து, "முருங்கக்கா இருக்குது பாரு, எடுத்துக்கோ. நாஷ்டா ஆச்சு உனக்கு."

ஆலையில் வெல்டராக இருக்கும் அண்ணன் பரந்த மனசுக்காரன். "அது கெடக்குதுடா, நீ எடுத்துக்கினு போ. இரும்புல ஒண்ணு நான் வெல்டு பண்ணித் தரேன் அதுக்கு," என்றான். அண்ணன் இந்த மாதிரி செய்து தருகிறேன் என்று சொன்ன பொருள்களை வைத்தே ஒரு தொழிற்சாலை ஆரம்பிக்கலாம். குளியலறைத் தாழ்ப்பாளுக்குப் பதில் இன்னும் ஒரு செங்கல்தான் நிற்கிறது. இது எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். வண்டி போனால் குண்டான் அண்ணியின் இடுப்புக்குத்தான் வரும்.

"அண்ணி, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"உனக்கில்லாததா தம்பி?"

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவனுக்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 'உனக்கில்லாததா' என்பார்கள், வேறு பக்கம் பார்ப்பார்கள். ஊரில் இருந்த காலத்தில் எனக்கு இது நன்றாகப் புரியும். ஜெர்மனியில் ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை என்று பழகிப் பழகி மூளை தேய்ந்துவிட்டது. அண்ணி சம்மதித்துவிட்டார் என்றே நினைத்தேன். அது மட்டுமா, மத்தியானம் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, எதிரில் உட்கார்ந்து பழம்பொருள் சேர்ப்பது பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். வண்டியை அப்படியே எடுத்துப்போக வேண்டும், அதில் இருக்கும் கறை, கீறல், சாம்பார் வடிந்த தடம் எல்லாமே பொக்கிஷம் என்றேன்.

"அழுக்குதான் ஒஸ்தியா?" என்றார் அண்ணி.

"ஆமாண்ணி. துடைக்கக்கூடக் கூடாது."

"கழுவிட்டா?"

"பாதி மதிப்பு போயிடும்."

"பெயிண்டு கியிண்டு அடிச்சிட்டா?"

"அவ்ளோதான். ஹெல்முட் வாசல்லயே சேக்கமாட்டாரு. தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதான்."

"அப்டியா," என்று அண்ணி அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அவ்வளவுதான் பேச்சு. இப்போது நினைத்தால், எதிரியின் கூடாரத்துக்குள் போய்க் கோட்டையின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு, இந்தப் பக்கம் மதில் கொஞ்சம் பலவீனம் என்று விரலால் தொட்டும் காட்டியிருக்கிறேன்.

ஆயுத பூஜை அன்று நேர வித்தியாசத்தின் புண்ணியத்தில் நன்றாகத் தூங்கிவிட்டேன். எழுந்து வெளியே வந்தால் வாசலில் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அண்ணனின் பைக், கிரைண்டர், வெல்டிங் மிஷின், அண்ணியின் இட்லிப் பானை, கரண்டிகள். என் ஜெர்மன் தள்ளுவண்டிக்கும் பொட்டு வைத்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள், சம்பந்தி வீட்டு ஆளைப் போல. நடுவில், வாழைக்கன்றுக்கு அடியில், டிராக்டர் நீலத்தில் பளபளவென்று ஒரு புதுப் பொருள். சுற்றி மஞ்சள் பார்டர். முன்பக்கம் எலுமிச்சை மிளகாய்ச் சரம். பேரிங்குகளை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பழைய குடையும் கோப்பையும் நீலத்துக்கு அடியில் மறைந்துவிட்டன. அதே இடத்தில் அண்ணன் கையால் மஞ்சள் பெயிண்டில் ஒரு புதுக் குடை, ஒரு புதுக் கோப்பை. கோப்பையில் ஆவி பறக்கிற மாதிரி இரண்டு கோடு வேறு. பின்பக்கம் லாரியில் எழுதுவதுபோல எழுதியிருந்தது: பழனி – சேகர்.

"எப்படி?" என்றான் அண்ணன். கையெல்லாம் நீலம். முகம் முழுக்கப் பெருமை. "நேத்து கம்பெனி கேட்டுக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம் இருந்துச்சு. அண்ணிதான் சொல்லிச்சு, ஃபாரின் போற வண்டி, அழுக்கா அனுப்பனா நம்ம மானம் போயிடும்னு."

நான் அண்ணியைப் பார்த்தேன். கற்பூரத் தட்டோடு நின்றவர், பச்சைக் குழந்தை தோற்கும் முகத்தோடு, "பூசைக்குப் பெயிண்டு அடிக்காம வெச்சா சாமி குத்தம் ஆயிடாதா தம்பி?" என்றார். "நீகூட பெயிண்டு பத்தி இன்னாவோ சொல்லிக்கினு இருந்தியே. அடின்னு சொன்னியா, அடிக்காதேன்னு சொன்னியா? வெங்காயம் உரிச்சதுல கண்ணும் எரிஞ்சிச்சு, காதும் கேக்கல."

வெங்காயத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று ஹெல்முட் கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. கோபம் வரத்தான் வந்தது. ஜெர்மன் மொழியில் வந்ததால் வாயில் ஏறவில்லை.

பூஜை முடிந்ததும் ஒவ்வொரு வண்டியின் சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும். வண்டியை அதன் சொந்தக்காரன்தான் ஓட்ட வேண்டும். பைக் முடிந்தது. பேரிங் வண்டிக்கு நான்கு பழம் வைத்தார் அண்ணி. "உக்காரு தம்பி. உன் பேருதானே எழுதிக்கீது."

நான் இப்போது இருக்கும் உருவத்துக்கு அந்தப் பலகையில் உட்காருவது, அம்மிக்கல்லை இலைத்தட்டில் வைப்பது போல. முழங்கால் காதைத் தொட, வேட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பலகை ஒரு முனகல் முனகிவிட்டுப் பொறுத்துக்கொண்டது. அண்ணன் முதுகில் கை வைத்துத் தள்ளினான். வண்டி அசையவில்லை. "நைனா இருந்தா சிரிச்சே செத்திருப்பாருடா," என்று மறுபடி ஒரு தம் பிடித்தான். நான்கு பழமும் ஒரே நேரத்தில் வெடித்தன. வண்டி பிய்த்துக்கொண்டு கிளம்பி, சிமெண்ட் ரோட்டில் அந்தப் பழைய சத்தத்தோடு ஆலை கேட் வரைக்கும் ஓடியது. வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தார். கடையில் காத்திருந்த ஒடிசாப் பையன்கள் கைதட்டினார்கள். நான் என்ன சத்தம் போட்டேன் என்று இங்கே எழுத முடியாது. அது எந்த மொழியிலும் இல்லை. திரும்பி வரும்போது அண்ணன் சொன்னான்: "எறங்கு. இப்போ என் டர்னு." எனக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் அந்த நீல வண்டியில் சாம்பார் குண்டான் ஏறியது. அண்ணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஆனால் நான் பார்க்கிறேன் என்று தெரிந்த நடையில் போனார்.

ஜெர்மனிக்குத் திரும்பி ஹெல்முட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். "யூபர்மால்ட்?" என்று கிசுகிசுத்தார். மேலே பெயிண்ட் அடித்துவிட்டார்களா என்று அர்த்தம். யாராவது செத்துப்போனால்தான் இங்கே இந்தக் குரலில் கேட்பார்கள்.

"யார் செய்தது?"

"அண்ணன். அண்ணி சொல்லி."

"ஏன்?"

ஆயுத பூஜையை ஜெர்மனில் விளக்கும் அளவுக்கு என் பரீட்சை பாஸாகவில்லை. "கடவுள்" என்றேன் சுருக்கமாக. அவர் பரிவோடு என் தோளைத் தொட்டார். அன்றிலிருந்து, இந்தியாவில் பொம்மை சேர்ப்பதை மதம் தடுக்கிறது என்று சங்கத்தில் ஒரு பேச்சு உலவுகிறது.

அப்புறம் அவரே கேட்டார்: "வண்டி இப்போது எங்கே?"

"வேலைக்குப் போயிருக்கிறது."

ஹெல்முட் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வாழ்நாளில் ஓட்டாத கார்களாக அலமாரி நிறைய வைத்திருப்பவர். கடைசியில், கண்ணாடிப் பெட்டியைக் காலியாக விட முடியாது, விதிமுறை இடம் கொடுக்காது, அதனால் அதற்குள் என் கைப்பேசியை நிறுத்தி நேரலையில் வண்டியைக் காட்டலாம் என்றார். செயற்குழு கூடி ஓட்டெடுப்பு நடத்தி அனுமதித்தது.

கண்காட்சி அன்று இங்கே காலை காபி முடிந்த நேரம், அங்கே மாலை போண்டா நேரம். தகரக் கார்களுக்கும் கண் மூடித் திறக்கும் பொம்மைகளுக்கும் நடுவில், என் பெட்டியிலிருந்து மட்டும் கரகரவென்று சத்தம் வந்தது. அங்கே ஓர் ஒடிசாப் பையன் கைப்பேசியைப் பிடித்துப் படமெடுக்க, அண்ணி வண்டியை இழுத்துக்கொண்டு வந்து கேட்டுக்கு எதிரில் நிறுத்தினார். கூட்டம் என் பெட்டியைச் சூழ்ந்தது. "ஆஹ்" என்று யாரும் சொல்லவில்லை. அங்கே என்ன பொரிகிறது என்று கேட்டார்கள்.

அண்ணி கைப்பேசியை உற்றுப் பார்த்து, கடைக்கு வந்தவனிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "இன்னா வேணும் தம்பி?"

"ரெண்டு போண்டா அண்ணி."

நிஜமாகவே இரண்டு போண்டாவை எடுத்து இலையில் வைத்துச் சட்னி ஊற்றி நீட்டினார். கண்ணாடிப் பெட்டியின் இந்தப் பக்கம் நான் நின்றேன். "சரி, உன் பங்க உங்கண்ணன் துன்னுடும்," என்று இலையைப் பக்கத்தில் தள்ளினார். ஷிப்டு முடித்து வந்திருந்த அண்ணன் வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே முதல் போண்டாவை முழுசாக வாயில் போட்டான். சூடு. இப்படியும் அப்படியும் உருட்டினான், கண்ணில் தண்ணீர் வந்தது. ஹெல்முட்டின் மனைவி என் கையில் ஒரு துண்டு ஆப்பிள் கேக்கைக் கொடுத்தார். கடித்தேன். நேற்றே செய்து குளிர்பெட்டியில் வைத்திருந்த கேக் அது, ஜில்லென்றிருந்தது. நான் வாயைத் திறந்து, உஃப் உஃப் என்று ஊதிக்கொண்டிருந்தேன்.